ஷாமீர்பேட்டையில் சகல வசதிகளுடன் ஓர் இரவு

சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு முப்பது கிலோமீட்டர் போய், முன்பின் தெரியாத மெத்தையில் ஓர் இரவு புரண்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவதற்கு எங்கள் ஐதராபாத்தில் ‘கெட்அவே’ என்று பெயர். எதிலிருந்து தப்பித்துப் போகிறார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. மாதாப்பூரில் மாதத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், திங்கட்கிழமை காலை ஆபீஸ் கேண்டீனில் இதே பேச்சுதான். எந்த ரிசார்ட், பஃபேயில் எத்தனை வகை, நீச்சல் குளம் எவ்வளவு நீளம். நான் மூலையில் உட்கார்ந்து டீயைக் குடித்தபடி எல்லோரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருப்பேன்.

அப்படிப்பட்ட நானும் ஒருமுறை போனேன். போனது மட்டுமில்லை, மூன்று வாரம் திட்டம் போட்டுப் போனேன்.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மென்பொருள் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவு. மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, பட்டியல் போட்டு, அவர்கள் மூஞ்சியில் எறிய வேண்டும். பல வருஷமாக இதையே செய்து எனக்கு அது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தலின் கோணல்தான் முதலில் கண்ணில் படும். என் மனைவி ராஜி என்னோடு ஹோட்டலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அவள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து செகந்திராபாத்தில் இருக்கிற குடும்பம். அவள் பேசும் தமிழில் பாதிக்குப் பாதி தக்கனி இந்தி கலந்திருக்கும். கோவில்பட்டியிலிருந்து வேலைக்கு வந்த நான், மாரெட்பள்ளியில் அந்த வீட்டுக்கு மருமகன் ஆனேன்.

எங்களுக்கு ஒரே மகள், சுருதி. பத்தாவது முடித்திருந்தாள். தமிழில் எதைச் சொன்னாலும் புரிந்துகொள்வாள், பதில் மட்டும் மூடைப் பொறுத்து இந்தியிலோ தெலுங்கிலோ இங்கிலீஷிலோ வரும். இந்தக் கட்டுரையில் அவள் பேசுவதையெல்லாம் நான்தான் தமிழாக்கித் தருகிறேன்.

ஐதராபாத்தில் பத்தாவது முடித்த பிள்ளையை ரெசிடென்ஷியல் காலேஜில் கொண்டுபோய்ப் போடுவது, காது குத்துவது மாதிரி ஒரு சடங்கு. பதினொன்றாவதும் பன்னிரண்டாவதும் இங்கே காலேஜ்தான். இரண்டு வருஷம் உள்ளேயே இருக்க வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பி, இரவு பத்தரைக்குத்தான் படுக்க விடுவார்கள். போன் கூடாது. பெற்றவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து பார்க்கலாம். எல்லாம் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்காக. ராஜியின் அண்ணன் பிள்ளைகள், எங்கள் மாடி வீட்டுக்காரர் பெண், ஆபீஸில் என் பக்கத்துச் சீட்டுக்காரர் மகன் என்று அத்தனை பேரும் அப்படிப் போனவர்கள்தான். சுருதிக்கும் ஜனவரியிலேயே இடம் போட்டாகிவிட்டது.

“எனக்கு வேண்டாம்” என்று அன்றைக்கு ஒரே ஒரு தடவை இங்கிலீஷில் சொன்னாள். “எல்லாப் பிள்ளையும் முதல்ல அப்படித்தான் சொல்லும்மா” என்றேன் நான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கத்தியிருந்தால், கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருந்தால், நாலு சமாதானம் சொல்லியிருப்பேன். வாயையே திறக்காத பிள்ளையிடம் எதைச் சொல்வது? ஜூன் மாதம் நெருங்க நெருங்க எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ராஜிதான் வழி கண்டுபிடித்தாள். “சேர்றதுக்கு முந்தின நாளு எங்கயாவது நல்ல எடமா கூட்டிட்டுப் போலாங்க. அவளுக்குப் புடிச்சதெல்லாம் வாங்கிக் கொடுக்கலாம். அங்க போனா தண்ணி பருப்புதான். சிரிச்ச மொகமா உள்ள போகட்டும்.” சிரித்த முகமாக உள்ளே அனுப்ப வேண்டும். இந்தப் பயணத்தின் நோக்கம் இவ்வளவுதான். லஞ்சம் என்று இதற்கு ஒரு பழைய சொல் உண்டு. நாங்கள் ‘ட்ரீட்’ என்று சொல்லிக்கொண்டோம்.

நான் வேலையில் இறங்கினேன். எக்செல் தாளில் அறுபத்துநான்கு கேள்விகள். குளியலறைக்கு ஜன்னல் உண்டா, தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, கொசு வலை, ஜெனரேட்டர், சமையல்காரர் எந்த ஊர், எண்ணெயை எத்தனை தடவை காய்ச்சுகிறார்கள். கண்டிப்பேட்டைப் பக்கம் இருந்த முதல் ரிசார்ட்டில் குளியலறைக் கதவைக் காலால் முட்டுக்கொடுத்தால்தான் சாத்தியிருக்கும். மொய்னாபாத் பக்கம் இருந்த இரண்டாவதில் சாம்பாரைப் பாயசம் என்று சொல்லி ஊற்றினாலும் குழந்தைகள் குடித்துவிடும். இரண்டுக்கும் நேரில் போய், உள்ளே நுழைந்து, சமையற்கட்டு வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் நிராகரித்தேன். மூன்றாவது, ஷாமீர்பேட்டை ஏரியைத் தாண்டி இருந்தது. அதற்கு இரண்டு தடவை போனேன். இரண்டாம் தடவை மேனேஜர் என்னைப் பார்த்ததும் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

“கைக்கு இவ்ளோ கேள்வி? என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போகூட நீங்க இவ்ளோ கேக்கல” என்றாள் ராஜி. ‘கைக்கு’ என்றால் அவள் தக்கனியில் ‘எதுக்கு’. அப்போது நான் இவ்வளவு தேறியிருக்கவில்லை என்றேன்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கிளம்பினோம். ரிசார்ட்டிலிருந்து நேராகக் காலேஜ் என்பதால் சாமானெல்லாம் டிக்கியில் ஏறிவிட்டது. வெள்ளை பெயிண்டில் பெயர் எழுதிய டிரங்குப் பெட்டி, சுருட்டிய மெத்தை, சிவப்பு பக்கெட், மக்கு. உல்லாசப் பயணத்துக்குப் போகிற கார் வீடு காலி செய்துகொண்டு போகிற கார் மாதிரி இருந்தது. சுருதி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள்.

அல்வாலைத் தாண்டியதும் வண்டி நின்றது. தனி மாநிலம் கேட்டு ஊர் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. இன்றைக்கு பந்த், நாளைக்கு மறியல் என்று ஏதாவது இருக்கும். அதில் ஒரு வகை, நடுரோட்டில் அடுப்பு மூட்டிச் சமைத்து எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவது. ‘வண்டா வார்ப்பு’ என்பார்கள். எனக்குத் தெரிந்து உலகத்திலேயே சாலை மறியலில் பந்தி போடுகிறவர்கள் இவர்கள்தான். முன்னால் இருபது லாரி, பின்னால் நாற்பது கார், நடுவில் ஆறு அண்டா சோறு. எப்போது விடுவீர்கள் என்று ஒருவரைக் கேட்டேன். “சாப்பிட்டு முடித்ததும்” என்றார்.

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அரசாங்கம், கட்சி, போலீஸ், வெயில் என்று வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தபோது, பின்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பார்த்தால் சுருதி தார் ரோட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கையில் தையல் இலை. கீரை போட்ட பப்பு என்கிற பருப்பும், அடுப்பில் வைக்காமல் புளியைக் கரைத்து வெங்காயம் நறுக்கிப் போட்ட பச்சிப் புலுசும். பக்கத்தில் ஒரு அம்மாள் அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டே தெலுங்கில் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

“எங்கே போறீங்க?”

“இன்னிக்கு ரிசார்ட். நாளைக்கு ஜெயில்” என்றாள் சுருதி.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. “ஹாஸ்டலா? எங்க அக்கா பையனையும் போட்டாங்க” என்று சொல்லிவிட்டு, அவனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் இன்னொரு கரண்டி பப்பு ஊற்றினாள். சுருதி இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். மேனேஜரை ஓட ஓட விரட்டி நான் சோதித்த பஃபே அங்கே காத்துக்கொண்டிருக்க, இவள் இங்கே ரோட்டில் வயிற்றை நிரப்பிக்கொள்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ராஜி என்னையும் இறங்கச் சொன்னாள். நான் காருக்குள்ளேயே இருந்தேன். இரண்டு மணி நேரம்.

ரிசார்ட்டை ஒரு ‘கிராமம்’ என்று கட்டியிருந்தார்கள். சிமெண்டில் செய்து மண் நிறம் அடித்த சுவர். கூரைக்கு மேலே ஓலை, ஓலைக்குக் கீழே ஏ.சி. பார்க்கிங் இடத்தைச் சுற்றி வர ஒரு மாட்டு வண்டி, ரப்பர் டயர் போட்டது. அதில் மாதாப்பூர் ஆசாமிகள் அரை டிராயரோடு ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர்களில் முக்கால்வாசிப் பேர் நிஜ கிராமத்திலிருந்து தப்பித்து ஐதராபாத்துக்கு வந்தவர்கள். அந்தக் கிராமத்துக்குத் தீபாவளிக்குப் போவதற்கே ஆயிரம் நொண்டிச் சாக்குச் சொல்வார்கள்.

ரிசப்ஷனில் இருந்த பெண் ஈரத் துண்டும் ஒரு பச்சை ஜூஸும் கொடுத்தாள். வாசலில் திறந்து கிடந்த டிக்கியை எட்டிப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, “எந்த கேம்பஸ் சார்?” என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை.

“டிரங்குப் பெட்டி காரிலேயே இருக்கட்டும் சார். எல்லாரும் அப்படித்தான் வச்சிருக்காங்க. நாளைக்கு ரெண்டு மணி வரைக்கும் ரூம்ல இருக்கலாம். ஜாயினிங் ஃபேமிலிகளுக்கு லேட் செக்அவுட்.”

ராஜி என்னைப் பார்த்தாள். சுருதி பச்சை ஜூஸை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனபோதுதான் முழுசாகப் புரிந்தது. இருபது மேசையில் பன்னிரண்டு மேசை எங்களைப் போன்றவர்கள். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பையன்களுக்கெல்லாம் காலேஜ் விதிப்படி ஒட்ட வெட்டிய தலை. காதுக்கு மேலே வெயில் படாத தோல் வெள்ளையாகத் தெரிந்தது. பெண்கள் இப்போதே இரட்டைச் சடை போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் மலை மாதிரி நிரம்பிய ஒரு தட்டு, அதன் முன்னால் சாப்பிடாத ஒரு பிள்ளை, இரண்டு பக்கமும் ‘தின்னு, தின்னு’ என்று தெலுங்கிலும் இந்தியிலும் கெஞ்சிக்கொண்டிருக்கும் அப்பனும் அம்மையும். ஆட்டை வெட்டுவதற்கு முன்னால் தழை காட்டுவார்களே, அதை ஏ.சி. கூடத்தில் வைத்து நடத்தினால் இப்படித்தான் இருக்கும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் தொழிலுக்குத் துரோகம். பத்து வகை நாட்டுச் சமையல் என்று பலகை. கோங்குரா மட்டனில் கோங்குரா என்கிற புளிச்சக்கீரை இருந்தது, மட்டன் விருந்தாளி மாதிரி அங்கொன்றும் இங்கொன்றும் வந்து போனது. பிரியாணி பரவாயில்லை. ராகி சங்கட்டி என்கிற களி ஆறிப்போய்க் கிரிக்கெட் பந்து ஆகியிருந்தது. ‘செட்டிநாடு சிக்கன்’ என்று எழுதிய சட்டியை ஆசையோடு திறந்தேன். பட்டையும் சிவப்புப் பொடியும் போட்டு எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரையும் ஒட்டுமொத்தமாக அவமானப்படுத்தியிருந்தார்கள். குபானி கா மீட்டா மட்டும் நன்றாக இருந்தது. சர்க்கரையில் வெந்த ஆப்ரிகாட் பழத்தைக் கெடுப்பதற்குத் தனித் திறமை வேண்டும், அது இந்தச் சமையல்காரருக்கு இல்லை.

நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் சண்டை. கூகட்பள்ளிக்காரர் ஒருவர், கபாப் ஆறியிருக்கிறது என்று சமையல்காரரையே வரவழைத்துவிட்டார். “எந்தக் கரியில் சுட்டாய்? எத்தனை நிமிஷத்துக்கு முன்னால் சுட்டாய்? வா, அடுப்பைக் காட்டு” என்று தெலுங்கில் உறுமினார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. எழுந்துபோய்க் கை கொடுத்தேன். கேட்காவிட்டால் இவர்கள் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். அவர் மகளுக்கும் சுருதிக்கும் ஒரே கேம்பஸ் என்று தெரியவந்தது. ஹாரிகா என்று பெயர். தடிக் கண்ணாடி போட்டிருந்த ஒல்லிப் பெண்.

அப்புறம் கேக் வந்தது. ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த ஆறு பேர் — மத்தியானம் எங்கள் கைப்பைகளை ரூமுக்குத் தூக்கி வந்தவர்கள்தான், தலையில் இறகு செருகிப் பழங்குடிகள் ஆகியிருந்தார்கள் — ஒரு பெரிய கேக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேலே கிரீமில் ‘ஆல் தி பெஸ்ட், ரேங்க் 1’. பன்னிரண்டு பிள்ளைகளையும் மேடைக்கு ஏற்றி, பன்னிரண்டு கையையும் ஒரே கத்தியில் வைத்து வெட்டச் சொன்னார்கள். பெற்றவர்கள் எல்லோரும் எழுந்து கைதட்டினோம். நானும் தட்டினேன். பன்னிரண்டு பேருக்கும் ஒரே முதல் ரேங்கை எப்படிப் பங்கு போடுவது என்று ஒருவருமே கேட்கவில்லை. இவ்வளவு குறை கண்டுபிடிக்கும் எனக்கும் அது அப்போது தோன்றவில்லை.

“சிரிச்சாளா?” என்று ரூமுக்கு வந்ததும் ராஜியிடம் கேட்டேன்.

“ஹவ், சிரிச்சா, போட்டோவுக்கு” என்றாள்.

ஞாயிறு காலை. வெளியில் பனைமரத்தடியில் ‘லைவ் தோசை’. மாரெட்பள்ளியில் எங்கள் தெரு முனையில் டிஃபின் தள்ளுவண்டிக்காரன் தினமும் காலை ஆறு மணிக்கு லைவாகத்தான் ஊற்றுகிறான், அவனுக்கு இப்படி ஒரு பலகை வைக்கத் தோன்றவில்லை. சுருதி ஒரு தோசையைப் பிய்த்துப் பிய்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நானும் ராஜியும் மாறி மாறி அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது கருத்துப் படிவம் வந்தது. எனக்குக் கல்யாணச் சாப்பாடு கிடைத்த மாதிரி. பேனாவைத் திறந்தேன். தலையணை உயரம். ஏ.சி. இரைச்சல். கோங்குரா. ராகி சங்கட்டி. செட்டிநாட்டுக்குத் தனிப் பத்தி. குளியலறை ஜன்னலின் கொக்கி ஆடுகிறது, பெண் குழந்தைகள் தங்கும் அறையில் இது கவனிக்க வேண்டிய விஷயம். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது சுருதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காட்டுங்க டாடி” என்று வாங்கினாள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் நிதானமாகப் படித்தாள். பிறகு கேட்டாள்.

“நான் போற இடத்தில் குளியலறைக்கு ஜன்னல் இருக்கா?”

“இருக்கும்மா.”

“கொக்கி இருக்கா?”

“எல்லாம் இருக்கும்.”

“ஒரு ரூமில் எத்தனை பேர்?”

ஆறு பேர் என்று சொல்லியிருந்தார்கள் என்றேன். யார் சொன்னது என்று கேட்டாள். வீட்டுக்கு வந்தாரே, அந்த காலேஜ் ஆள். “மம்மி, நீங்க பார்த்தீங்களா?” என்று ராஜி பக்கம் திரும்பினாள். ராஜி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுருதி கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. படிவத்தை முன்போலவே மடித்து என் பக்கம் தள்ளிவிட்டு, கை கழுவப் போனாள்.

ஓர் இரவு தங்கப்போகிற இடத்தை மூன்று வாரம் சோதித்தவன் நான். இரண்டு வருஷம் அவள் தங்கப்போகிற இடத்துக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. ஜனவரியில் ஒரு ஆள் பையோடு வீட்டுக்கு வந்தார். சோபாவில் உட்கார்ந்து டீ குடித்தார். ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் முகங்கள் அச்சடித்த வழவழ புத்தகத்தைக் காட்டினார். சீட் முடியப்போகிறது என்றார். டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பக்கத்துச் சீட்டுக்காரர் போட்டார், ராஜியின் அண்ணன் போட்டார், அதனால் நானும் போட்டேன். ஆபீஸில் ஒரு புரோகிராமர் இப்படிச் செய்திருந்தால், நாலு பேர் முன்னால் அவனைக் கிழித்துத் தொங்கப்போட்டிருப்பேன்.

மூன்று மணிக்குக் காலேஜ் வாசலில் நின்றோம். மேட்சல் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஆறு மாடிக் கட்டடம், பால்கனிகளுக்கெல்லாம் தரையிலிருந்து கூரை வரைக்கும் கம்பி. வழவழ புத்தகத்தில் கட்டடத்துக்கு முன்னால் புல்வெளி இருந்தது. இங்கே ஜல்லிக் குவியல் இருந்தது. கீழே வராந்தாவில் மேசை போட்டு வார்டன் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. ரிசார்ட்டில் கேக் வெட்டிய முகங்கள் பல அதில் இருந்தன. எங்களுக்குப் பின்னால் கபாப் சண்டைக்காரர், அவர் பக்கத்தில் ஹாரிகா.

எங்கள் முறை வந்தது. வார்டன் ரெஜிஸ்டரைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். நான் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, “ரூமைப் பார்க்கணும்” என்றேன். தெலுங்கில் சொன்னேனா, இங்கிலீஷில் சொன்னேனா என்று நினைவில்லை. குரல் எனக்கே கேட்கவில்லை.

“பேரண்ட்ஸ் இந்த வராந்தா வரைக்கும்தான் சார்.”

“ரெண்டே நிமிஷம். பார்த்துட்டு வந்துடறேன்.”

வார்டன் நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மாள் கெட்டவர் இல்லை, களைத்துப் போயிருந்தார். “காலையிலிருந்து இருநூறு பேர் சேர்ந்திருக்காங்க சார். ஒருத்தர்கூட இதைக் கேட்கலை” என்றார். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னார்.

“ரூமுக்கு எத்தனை பேர்?”

“இப்போதைக்குப் பதினாலு. ஆகஸ்டில் மேல் மாடி முடிஞ்சதும் குறையும்.”

“பாத்ரூம்?”

“மாடிக்கு நாலு. பிள்ளைங்க அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க சார்.”

ஆறிப்போன ராகி சங்கட்டிக்காக ஒரு பக்கம் எழுதியவன் இப்போது பேனாவை ரெஜிஸ்டரின் பக்கம் கொண்டுபோனேன். மேனேஜரை ஓட விட்ட வீரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்தப் பெரிய ரெஜிஸ்டரைப் பார்த்ததும், பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் மேசைக்கு முன்னால் நின்ற கோவில்பட்டிப் பையனாக ஆகிவிட்டேன். படிப்பு என்று எழுதிய பலகைக்கு அடியில் எங்கள் ஆட்கள் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டால் பிள்ளையின் எதிர்காலத்துக்கு ஏதோ ஆகிவிடும் என்கிற பயம்.

பின்னாலிருந்து கபாப்காரர் என் தோளைத் தொட்டார். “சார், லைன் நிக்குது. அவங்க வேலை அவங்களுக்குத் தெரியும்” என்றார் பணிவாக. நேற்று இரவு அடுப்பைக் காட்டு என்று உறுமிய அதே வாய்.

எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் என் பேனா ரெஜிஸ்டரின் மேல்தான் இருந்தது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், இன்னும் ஒரு நொடி போயிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ராஜி குனிந்து, சுருதியின் கையிலிருந்த பக்கெட்டை வாங்கினாள்.

“நக்கோ, வேணாம்” என்றாள். வார்டனிடம் சொன்னாளா, என்னிடம் சொன்னாளா தெரியாது. “பெட்டியத் தூக்குங்க. வீட்டுக்குப் போலாம்.”

“அண்ணன் கேட்டா என்ன சொல்றது?” என்றேன். அந்த நேரத்தில் எனக்குக் கேட்கத் தோன்றியது அதுதான்.

“நான் சொல்லிக்கறேன். நீங்க தூக்குங்க மொதல்ல.”

வெளியில் போனால் சீட் அடுத்தவருக்குப் போய்விடும் என்று வார்டன் சொன்னார். போகட்டும் என்றாள் ராஜி. சுருதி டிரங்குப் பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். மறுபக்கம் நான் பிடித்தேன். மேசைக்கு முன்னால் நாங்கள் விட்ட இடத்துக்குக் கபாப்காரர் உடனே நகர்ந்து வந்துவிட்டார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேனாவுக்காகச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஹாரிகாதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி டிக்கியில் ஏறுவதை, மெத்தை ஏறுவதை, பக்கெட் ஏறுவதை. நான் வண்டியைக் கிளப்பியபோது சுருதி ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கி, அவளைப் பார்த்துக் கையசைத்தாள். கேட்டைத் தாண்டும்வரை அசைத்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் பதிலுக்குக் கையசைக்கவில்லை. இரண்டு கையிலும் சாமான் இருந்தது.